சுவர் அலமாரிக்குள் ஒரு வேலை மேசை

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு முதுகோ தோளோ வலித்தால், உடனே நல்ல நாற்காலியைத் தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். என் தோளைப் படுத்தியது மேசையின் உயரம் என்பது டேப்பை வைத்து அளந்த பிறகே தெரிந்தது. இப்போது எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், அத்தை பித்தளைப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்த சுவர் அலமாரி என் அலுவலகமாகிவிட்டது. காலையில் கதவைத் திறந்து பலகையை இழுத்துக்கொண்டு உட்காருகிறேன். மாலையில் பலகையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் கூடம் மறுபடி கூடமாகிவிடுகிறது. மொத்தச் செலவு 5,900 ரூபாய். பழைய வீடுகளில் இப்படி ஓர் அலமாரி பெரும்பாலும் இருக்கும் என்பதால் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

நான் பார்ப்பது கணக்கு வேலை. சென்னையில் உள்ள ஒரு தணிக்கை அலுவலகத்துக்காக வணிகர்களின் ஜிஎஸ்டி கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். மாதம் பிறந்தால் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்து வைத்த வரியைக் கட்டுவது), 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (மாதச் சுருக்கக் கணக்கு) என்று தேதிகள் வரிசையாக வந்து நிற்கும். பொழுதெல்லாம் எண்களைத் தட்டும் வேலை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்ததில் கழுத்தும் வலது தோளும் இறுகிப் போயின. இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. இயன்முறை மருத்துவர் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "நீங்கள் உட்காரும் மேசை எத்தனை உயரம் அம்மா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதை அளந்துகொண்டு வாருங்கள். உங்கள் முழங்கை தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள்" என்றார். இந்த வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

அளவுகள்

என் உயரம் 157 செ.மீ. வெறுங்காலோடு, பாதம் தரையில் முழுதாகப் படியும்படி உட்கார்ந்துகொண்டேன். என் கணவர் டேப்பைப் பிடித்தார். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 41 செ.மீ. அந்த உயரத்தில் உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, கையைச் செங்கோணமாக மடித்தால் முழங்கை 64 செ.மீ. தொடையின் மேற்பக்கம் 54.5 செ.மீ. கண் 112 செ.மீ.

சாப்பாட்டு மேசை 76 செ.மீ. கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 29 முதல் 30 அங்குலம், அதாவது 74 முதல் 76 செ.மீ. வரைதான் இருக்கின்றன. என் முழங்கைக்கும் மேசைக்கும் 12 செ.மீ. வித்தியாசம். அத்தனை காலமும் தோளைத் தூக்கிப் பிடித்தபடியே தட்டச்சு செய்திருக்கிறேன். திரையோ இதற்கு நேர்மாறு. 14 அங்குல லேப்டாப்பைத் திறந்து வைத்தால் திரையின் மேல்விளிம்பு மேசையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் நிற்கிறது, 76-உம் 22-உம் 98. கண்ணுக்கு 14 செ.மீ. கீழே. கை மேலே ஏற, தலை கீழே குனிய, இடையில் இருக்கும் கழுத்துதான் இரண்டுக்கும் ஈடு கொடுத்தது. லேப்டாப்பில் விசைப்பலகையும் திரையும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கியே ஆக வேண்டும். இரண்டும் சேர்த்து 1,150 ரூபாய்.

முதலில் பழைய பேரேடுகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, விசைப்பலகையை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கழுத்து கொஞ்சம் தேறியது, தோள் தேறவில்லை. அடுத்து நாற்காலியில் மெத்தைகளைப் போட்டு உயர்த்தி, காலுக்குக் கீழே மணைகளை அடுக்கினேன். கணக்குப்படி அது சரியான தீர்வு. ஆனால் மணையிலிருந்து காலை எடுத்து, நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கித்தான் எழுந்திருக்க வேண்டும். எழுவது தொல்லையானதும் எழுந்திருப்பதே குறைந்துபோயிற்று. உடம்புக்கு நல்லது என்று செய்த ஏற்பாடு, இருந்த இடத்திலேயே கட்டிப் போட்டுவிட்டது. அதனால் நாற்காலியை உயர்த்தும் யோசனையை விட்டேன். மேசைதான் இறங்கி வர வேண்டும்.

சாப்பாட்டு மேசையின் காலை அறுக்க முடியாது, அது எல்லோருக்குமானது. அப்போதுதான் அலமாரியை அளந்தேன். அகலம் 118, ஆழம் 36, உயரம் 182 செ.மீ. தரையிலிருந்தே தொடங்குகிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றாக மூன்று கடப்பாக்கல் தட்டுகள்: 46, 91, 137 செ.மீ. உயரங்களில். நடுத்தட்டின் 91-ஓடு லேப்டாப்பின் 22-ஐச் சேர்த்தால் 113. என் கண் 112. அறுபது ஆண்டுகளுக்கு முன் பாத்திரம் வைக்கப் பதித்த கல், என் திரைக்கு ஏற்ற உயரத்தில் நின்றிருந்தது. அந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி இன்னும் இருக்கிறது.

அத்தையிடம் கேட்டேன். "பாத்திரமெல்லாம் பரணுக்குப் போகட்டும். உனக்குத் தோள் முக்கியம்" என்று சொல்லிவிட்டார்கள்.

கல்லை எடுத்தது

கீழ்த்தட்டு 46 செ.மீ. உயரத்தில் இருந்ததால், காலை உள்ளே நீட்டினால் முழங்காலுக்குக் கீழே கல்லின் விளிம்பு இடிக்கும். அதை எடுத்தாக வேண்டும். கல் இரு பக்கச் சுவரிலும் புதைந்திருந்தது. சுத்தியால் தட்டி எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் சுவரின் பூச்சும் கையோடு வந்துவிடும். கொத்தனார் நான்கு அங்குல கிரைண்டரில் வைரத்தூள் பிளேடைப் போட்டு, சுவரிலிருந்து விரலகலம் தள்ளி அறுத்து எடுத்தார். சுவரில் எஞ்சிய துண்டைச் சிமென்ட் வைத்து மழுப்பிவிட்டார். கூலி 700 ரூபாய். கல்தூசி கூடம் முழுக்கப் பறக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும் அடுக்களைவரை போயிற்று. அறுப்பவரும் அருகில் நிற்பவரும் என்95 முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

எடுத்த கல் வீணாகவில்லை. கொல்லையில் துணி துவைக்கும் இடத்தில் கிடக்கிறது.

பலகையும் பெட்டியும்

என் திட்டம் எளிமையானது. முழங்கை 64, விசைப்பலகையின் தடிமன் 2. ஆகவே பலகையின் மேற்பரப்பு 62 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அது மேசை இழுப்பறைபோல வெளியே வந்து உள்ளே போக வேண்டும். அதற்கு டெலஸ்கோப்பிக் சேனல் என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. அலமாரியின் ஆழம் 36 செ.மீ. என்பதால் 12 அங்குலச் சேனல்தான் பொருந்தும். ஒரு ஜோடி 320 ரூபாய்.

சேனலை நேராகச் சுவரில் பொருத்த, முதலில் இரு பக்கமும் மரச்சட்டம் அடிக்கப் பார்த்தோம். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர். 6 மி.மீ. பிட்டால் துளை போட்டால் பொடி பொடியாக உதிர்ந்து துளை இரு மடங்கு பெரிதாயிற்று. திருகாணி பிடிக்கத் துளைக்குள் செருகும் ராவல் பிளக் கையோடு வந்தது. போதாததற்குச் சுவர் சதுரமாகவும் இல்லை. பின்னால் 118 இருந்த அகலம் முன்னால் 116.6 ஆகக் குறுகியது. சேனல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் பலகை பாதியில் சிக்கிக்கொள்ளும்.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். "சுவரை நம்பாதீர்கள் அம்மா. தனியாக ஒரு பெட்டி செய்து, தரைக்கும் அந்த நடுக்கல்லுக்கும் இடையில் இறுக்கிவிடலாம்" என்றார். வேலையைக் காப்பாற்றிய யோசனை இதுதான். 18 மி.மீ. தடிமனில், ஐஎஸ் 303 முத்திரையுள்ள பிடபிள்யூஆர் (ஈரத்தைத் தாங்கும் ரகம்) பிளைவுட்டையே பார்த்து வாங்கினேன். முழுப் பலகை எட்டுக்கு நான்கு அடி, அத்தனை தேவைப்படவில்லை. வெட்டுத் துண்டுகளாகப் பதினொன்றரை சதுர அடிக்கு 1,080 ரூபாய் ஆயிற்று.

பெட்டி என்றாலும் அது இரண்டு பக்கப் பலகைகளும், அவற்றைப் பின்னால் இணைக்கும் ஒரு பட்டையும்தான். பக்கப் பலகை ஒவ்வொன்றும் 34 செ.மீ. ஆழம், 87.5 செ.மீ. உயரம். நடுக்கல்லின் அடிப்பக்கம் 88.5-இல் இருக்கிறது. இடையில் உள்ள ஒரு செ.மீ.யில் தேக்கு ஆப்புகளை இரு பக்கமும் எதிரெதிராக வைத்து, மரக்கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறுக்கினார். ஓங்கி அடித்தால் கல் எழும்பிவிடும். ஆப்பு இல்லாமல் நிறுத்தியபோது, பலகையை வெளியே இழுத்து நான் கையை ஊன்றியதும் பெட்டி முன்பக்கமாகச் சாய்ந்தது. ஆப்பு வைத்த பின் அசைவே இல்லை. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

பெட்டியின் வெளியகலம் 116 செ.மீ. அதில் இரு பக்கப் பலகைகளுக்கு 3.6, சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலமாக 2.5 கழித்தால் 109.9. இழுக்கும் பலகையை 109.8-க்கு அறுக்கச் சொன்னேன். இந்த ஒரு மி.மீ. தளர்வு வேண்டும், கூடினால் ஆடும், குறைந்தால் இறுகும். ஆழம் 32 செ.மீ.

பலகையைப் பூட்டிய அன்றே நடுவில் 3 மி.மீ. தொய்வு தெரிந்தது. ரசமட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். அடியில் இரண்டுக்கு ஒன்று அங்குல மரச்சட்டம் ஒன்றை, பெவிகால் தடவித் திருகி முடுக்கினோம். சட்டத்தை எந்த விளிம்பில் வைப்பது என்பதில்தான் கவனம் தேவை. பலகையின் அடிப்பரப்பு 60.2 செ.மீ.; முன்விளிம்பில் 5 செ.மீ. சட்டம் வைத்தால் மீதி 55.2. என் தொடை 54.5. உரசாமல் உட்கார முடியாது. அதனால் பின்விளிம்பில் வைத்தோம். அங்கே முழங்கால்தான் வரும். அதற்கு இடம் தாராளம்.

முன்விளிம்பில் நான் நிறைய நேரம் செலவிட்டேன். பிளைவுட்டை அறுத்த விளிம்பு கத்திமாதிரி இருக்கும். மணிக்கட்டை வைத்தால் தோலில் கோடு விழும். ஆசாரி இழைப்புளியால் கூர்மையை எடுத்துக் கொடுத்தார். பிறகு 120 எண் உப்புத்தாளும், அதற்குமேல் 220-உம் போட்டு, விளிம்பு முழுக்கக் கையால் தடவித் தடவித் தேய்த்தேன். விரலுக்குத் தெரியாத முனையும் மணிக்கட்டின் உட்புறத்துக்குத் தெரிகிறது. அதனால் மணிக்கட்டை வைத்தே சோதித்தேன். ஆசாரிக்கு அரை நாள் கூலி 600. திருகாணி, பசை, உப்புத்தாள், சட்டம் எல்லாம் 210.

நாற்காலி

அலுவலக நாற்காலிகளைக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் பார்த்தவற்றில் எதுவுமே 44 செ.மீ.க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் இருந்த பழைய மர நாற்காலி 46. கைப்பிடி இல்லாதது, முதுகுச் சாய்வு நன்றாக இருப்பது. அதன் காலை 8 செ.மீ. அறுத்தேன்.

நான்கு காலையும் தனித்தனியாக அளந்து அறுத்தால் கட்டாயம் ஆடும். நாற்காலியைச் சமதரையில் வைத்து, 8 செ.மீ. உயரமுள்ள மரத்துண்டின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதைத் தரையோடு நகர்த்தி ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு போட வேண்டும். கோட்டின் வெளிப்பக்கம் ரம்பத்தை வைத்து அறுத்தால் நான்கும் ஒன்றுபோல் தரையில் நிற்கும். அறுத்த முனையை உப்புத்தாளில் தேய்த்து ரப்பர் புஷ் மாட்டினேன்.

மேலே முதலில் இலவம்பஞ்சுத் திண்டு போட்டேன். சில வாரங்களில் அது அமுங்கித் தட்டையாகி, உட்காரும் உயரம் 39-க்கு இறங்கிவிட்டது. இரண்டு செ.மீ.தான். ஆனால் முழங்கையும் இரண்டு செ.மீ. இறங்கும் அல்லவா? தோள் உடனே சொல்லிவிட்டது. இப்போது இரண்டு அங்குல, 40 டென்சிட்டி ஃபோம். உட்கார்ந்தால் 3 செ.மீ. நிற்கிறது. 38-உம் 3-உம் 41. துணியோடு 400 ரூபாய்.

வெளிச்சம்

அலமாரியின் உட்புறம் கரும்பச்சைப் பெயின்ட். இருண்ட குழிக்குள் ஒளிரும் திரையைப் பார்த்தால் கண் வெகு சீக்கிரம் களைக்கும். வெளிர் சந்தன நிறம் இரண்டு கோட்டிங் அடித்தேன்: 380 ரூபாய். மேல்தட்டின் அடியில் எல்இடி பட்டை விளக்கு, 350. உள்ளே பிளக் பாயின்ட்டும் விளக்குக்கு சுவிட்சும் வைக்க எலக்ட்ரீஷியனுக்கு 450. விளக்கு நேராகக் கண்ணில் படாதபடி அதற்கு முன்னால் ஒரு மரச்சட்டத் துண்டை ஒட்டியிருக்கிறேன். மேசைப் பரப்பில் 300 முதல் 500 லக்ஸ் வரை வெளிச்சம் இருந்தால் எழுத்து வேலைக்குப் போதுமானது என்பது பொதுவான வழக்கம். கைபேசிச் செயலியில் அளந்தபோது முன்பு 120 காட்டியது, இப்போது 380 காட்டுகிறது. கைபேசி காட்டும் எண் துல்லியமானதல்ல; முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இடப்பக்கம் ஜன்னல். இடது கதவைச் செங்கோணமாகத் திறந்து வைத்தால் அதுவே தடுப்பாகி, திரையில் விழும் கூசலை நிறுத்திவிடுகிறது. லேப்டாப்புக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், சூடு வெளியேறுவதற்கு. திருச்சியின் மே மாதத்தில் இது விளையாட்டல்ல. அதே காரணத்தால் சார்ஜரைப் பிடுங்கிய பிறகே கதவைச் சாத்துகிறேன்.

நின்றும் வேலை பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். நின்றால் என் முழங்கை 98 செ.மீ., கண் 146. நடுக்கல்மேல் 5 செ.மீ. பெட்டி வைத்தால் விசைப்பலகைக்குச் சரி. திரைக்கு 124-இல் ஒரு தட்டு வேண்டும். ஆனால் 137-இல் உள்ள மேல்தட்டு குறுக்கே வருகிறது. அதையும் அறுத்தால் அலமாரியே பலவீனமாகும். விட்டுவிட்டேன். அதற்குப் பதில் அழைப்புகளை எல்லாம் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ நடந்துகொண்டே பேசுகிறேன். தண்ணீருக்குப் பெரிய பாட்டில் வைப்பதில்லை. சிறிய செம்பு ஒன்றுதான். தீர்ந்தால் எழுந்து அடுக்களைக்குப் போயாக வேண்டும். இந்தச் செம்புக்கு நிகரான அலாரத்தை நான் எந்தக் கைபேசியிலும் பார்க்கவில்லை.

ஒரு குறை கடைசியில்தான் தெரிந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் தொலைவில் பார்க்க எதுவும் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியுள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். எனக்குப் பின்னால் தாழ்வாரம், அதைத் தாண்டிக் கொல்லை, அங்கே முருங்கை மரம். வலது கதவின் உட்புறத்தில் ஒன்றரைக்கு ஓர் அடி கண்ணாடி ஒன்றைக் கிளிப் வைத்துத் திருகி, கதவைச் செங்கோணத்தைத் தாண்டி இன்னும் பாதி திறந்து வைத்தேன். தலையை வலப்பக்கம் திருப்பினால் முருங்கை தெரிகிறது. கண்ணாடி அருகில் இருந்தாலும், அதில் தெரியும் மரத்தின் தொலைவுக்கே கண் குவிகிறது. ஆகவே இது தொலைவில் பார்ப்பதாகவே கணக்கு. 260 ரூபாய். செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது

வலது தோளில் வலி இல்லை. இடுப்பு மட்டும், தொடர்ந்து உட்கார்ந்தால் இன்னும் பிடிக்கிறது; அதை எந்த மேசையாலும் சரிசெய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். அலுவலகம் போய்வந்த நாட்களில் பஸ் நிறுத்தம்வரை நடந்த நடை இப்போது இல்லை. அதனால் கதவைத் திறக்குமுன் சித்திரை வீதியை ஒரு சுற்று சுற்றி வருகிறேன்.

மாலை ஆறரைக்குக் கதவு சாத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அதை நடத்தி வைப்பவர் அத்தைதான்: "ஆறரை ஆகிவிட்டதே, இன்னும் சாத்தவில்லையா?" சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்த காலத்தில், பரிமாறுவதற்காக ஒதுக்கி வைத்த லேப்டாப் சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். இப்போது அதற்கு வழியில்லை; கதவு மூடியிருந்தால் வேலை கண்ணில் படுவதில்லை, நினைவிலும் வருவதில்லை. 11ஆம் தேதியை ஒட்டியும் 20ஆம் தேதியை ஒட்டியும் இது நடக்காது, அத்தையும் கேட்பதில்லை. மற்ற நாட்களில் நடக்கிறது.

மறுபடி செய்தால் மூன்றை மாற்றுவேன். பெயின்ட்டையும் மின்வேலையையும் பெட்டி உள்ளே போவதற்கு முன்பே முடித்திருப்பேன். பின்னால் செய்ததில் மூலைகளில் தூரிகை நுழையவில்லை. பலகையின் பின்விளிம்பில் ஒயர் போக ஒரு துளை விட்டிருப்பேன். இப்போது மவுஸ் ஒயர் சேனலில் அடிக்கடி மாட்டுகிறது. மூன்றாவது, சேனலுக்கு இரண்டு உயரங்களில் துளை போட்டிருப்பேன். என் கணவர் 172 செ.மீ.; அவருக்குப் பலகை 67-இல் இருக்க வேண்டும், லேப்டாப்புக்கு அடியில் 10 செ.மீ. கட்டையும் வேண்டும். ஆப்பைத் தட்டிப் பெட்டியை வெளியே எடுக்காமல் அந்தத் துளையைப் போட முடியாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எப்படியும் எடுக்க வேண்டியிருக்கும். ஆசாரியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.